முதலில் அந்தப் பெண் படத்தைப் பார்க்கட்டும்

ஜார்க்கண்டில் 2017-ல், ஒரு கல்யாண இரவில், 13 வயதுச் சிறுமி ஒருவரை மூன்று பேர் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். மூவரில் ஒருவனுக்கே அவரைக் கட்டிவைத்துவிடலாம் என்று ஊரில் பேசினார்கள். அப்பா மறுத்து நீதிமன்றம் போனார். மூவருக்கும் 25 ஆண்டு சிறை. இந்த வழக்கைப் பின்தொடர்ந்து நிஷா பஹுஜா எடுத்த 'டு கில் எ டைகர்' (2022) ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

பலரும் அந்த அப்பாவின் துணிச்சலைப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதை மறைப்பதாகத்தான் முதலில் திட்டம். 18 வயதானதும் அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, மறைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அவரே. பெயர் மட்டும் மாற்றுப்பெயர். 13 வயதில் எடுத்த காட்சிக்கு 18 வயதில் தரும் சம்மதம் செல்லுமா என்ற கேள்வியோடு விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கிறது.

நான் அந்தப் பெண்ணின் பக்கம். இனி அவர் முகத்தை மறைத்தே தீர வேண்டும் என்று நாம் சொன்னால், குற்றவாளிகளுக்கு வர வேண்டிய வெட்கத்தை அவர் தலையில் கட்டுகிறோம். ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. அவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால்? பல வருட உழைப்பு, அவ்வளவு பணம், வீட்டு ஆள்போலப் பழகிய இயக்குநர். இத்தனைக்கும் எதிரே உட்கார்ந்து 'வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும்! அதனால் முகம் மறைத்த பிரதி ஒன்று தயாராக இருக்க வேண்டும். பணம் போடுகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். அவர் படம் பார்க்கும்போது, குழுவைச் சேராத, அவர் நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் படக்குழுவிடமே சண்டைக்கு வரும் காட்சியும் படத்தில் உண்டு. குழு கிளம்பிப் போய்விடும். குடும்பம் அந்த ஊரில்தானே இருந்தாக வேண்டும்?

அப்புறம் இந்த 'ஒன்மோர்'. சாட்சி சொல்ல ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது என்று போக்சோ சட்டமே சொல்கிறது. தீர்ப்பு எழுத வேண்டிய நீதிபதிக்கே அந்தக் கட்டுப்பாடு. 'வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை சொல்லுங்க' என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

நாஜிகளின் யூத இனப்படுகொலை பற்றிய 'ஷோவா' (1985) ஆவணப்படத்தில் ஆபிரகாம் போம்பா வருவார். ட்ரெப்ளிங்கா கொலை முகாமில், விஷவாயுவால் கொல்லப்படவிருந்த பெண்களின் முடியை வெட்ட வைக்கப்பட்டவர். முடிதிருத்தும் கடையில் கத்தரியும் கையுமாக நின்று பேசுகிறவர், ஓரிடத்தில் உடைந்துபோய், முடியாது என்கிறார். இயக்குநர் க்ளாட் லான்ஸ்மான் விடவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார். அந்தச் சாட்சியம் உலகத்துக்குத் தேவைதான். அதற்காக, வெள்ளத்தில் வீட்டை இழந்தவரிடமும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும் மைக்கை நீட்டுகிறவர்கள் எல்லோரும் அதே பிடிவாதத்தைக் கைக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. ஒருவர் 'போதும்' என்றால் கேமரா நிற்க வேண்டும். அழுகை நன்றாகப் பதிவாகியிருந்தாலும் சரி.

ஆவணப்படங்களுக்கு மானியம் தருகிற அமைப்புகளிடம் ஒரு கோரிக்கை. பட்ஜெட்டில் கேமரா வாடகைக்கு இடம் இருப்பதுபோல, படத்தில் பேசுகிறவருக்கான மனநல ஆலோசகர் செலவுக்கும் இடம் கேளுங்கள். படப்பிடிப்பு நாட்களுக்கு மட்டும் போதாது. படம் வெளியாகி, முன்பின் தெரியாதவர்கள் அவரைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தொடங்கும் மாதங்களுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.