ஒரு வரி சேர்க்கச் சொன்னா 11 வரியைத் தின்னுட்டு நிக்குது

சர்வர்ல குறிச்ச நேரத்துக்கு வேலைகளைத் தானா ஓட்டுறது கிரான். அதோட அட்டவணை கிரான்டேப். அதுல ஒரு வரி சேர்க்க, டெப்ளாய் ஸ்கிரிப்ட்ல (புது கோடை சர்வர்ல ஏத்துற நிரல்) கடைசி வரி: ஒரு எக்கோ (வரியை எழுதித் தரும்), ஒரு பைப் (அதை அடுத்த கட்டளைக்குத் தள்ளும்), அப்புறம் "கிரான்டேப் -". எழுதின புண்ணியவான் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

அது சேர்க்காது சாமி, மாத்தும்! பைப்ல வர்றதை வாங்கி வச்சுக்கிட்டு, பழைய அட்டவணையை அப்படியே தூக்கிக் கடாசும். பழசுல 11 வரி இருந்துச்சு. ராத்திரி 2 மணி டேட்டாபேஸ் பேக்கப், லாக் கழிக்கிறது, சான்றிதழ் புதுப்பிக்கிறது, எல்லாம் கோவிந்தா. "போடவா வேண்டாமா"ன்னு ஒரு வார்த்தை கேட்காது. எக்ஸிட் கோடு பூஜ்ஜியம், அதாவது "எல்லாம் சுபம்". டெப்ளாய்க்குப் பச்சை டிக். பேக்கப் ஓடலைங்கிறது எப்ப தெரியும்? பேக்கப் தேவைப்படுற அன்னிக்குத்தான்.

சரி, அடைப்புக்குள்ள முதல்ல "கிரான்டேப் -எல்" (இருக்கிற அட்டவணையைக் காட்டும்), அப்புறம் எக்கோ, ரெண்டையும் சேர்த்துப் பைப்ல விடுங்கன்னா விட்டாங்க. ஒவ்வொரு டெப்ளாய்க்கும் அதே வரி இன்னொண்ணு முளைச்சுது. ஒரே நொடியில அதே வேலை 14 தடவை, ஒண்ணையொண்ணு மிதிச்சுக்கிட்டு ஓடுது. நடுவுல "கிரெப் -விஎஃப்" போட்டுப் பழைய வரியைக் கழிச்சுட்டுச் சேர்க்கணும்னு பால்வாடியில இருந்தா ஆரம்பிக்கிறது?

இந்தக் கூத்தே வேண்டாம். கிரான் படிக்கிற /ஈடிசி/கிரான்.டி ஃபோல்டர்ல தனிக் கோப்பா வச்சா எத்தனை தடவை மேல எழுதினாலும் அடுத்தவன் வரி சாகாது. வச்சாங்க. கோப்புப் பேர்ல புள்ளி! டெபியன், உபுண்டுல புள்ளி இருந்தா கிரான் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. புள்ளியை எடுத்தா, நேரத்துக்குப் பின்னால பயனர் பேர் இல்லை, இந்த ஃபோல்டர்ல அது கட்டாயம். அதையும் போட்டா, தேதிக்குப் போட்ட % குறியைக் கிரான் புது வரின்னு நினைச்சுக் கட்டளையைப் பாதியில வெட்டுது. முன்னால ஒரு \ வேணும். ஷெல்லுல ஓடுதேன்னு கேட்காதீங்க, ஷெல்லுக்கு % வெறும் எழுத்து. பிழைச் செய்தியைக் கிரான் மெயில்ல அனுப்பும். சர்வர்ல மெயில் நிரலே கிடையாது, அதனால குப்பைக்கு.

கடைசியில எல்லாம் சரி. 2 மணிக்கு டான்னு ஓடுச்சு. சர்வர் கடிகாரம் யூடிசி, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால. இங்க காலை ஏழரை, ஆளுங்க லாகின் பண்ற நேரம்.

ஏழரைன்னு சும்மாவா பேர் வச்சான்.