ஈவ் ஆன்லைனில் தாமதமாகச் சேர்வது பற்றி

ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டைப் பற்றி நான் எப்போது எழுதினாலும் உள்பெட்டிக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: 2003ஆம் ஆண்டிலிருந்து ஆடிவருபவர்கள் நிறைந்திருக்கும் இடத்திற்கு இப்போது போய் என்ன செய்ய முடியும்? செந்தூலில் இருக்கும் என் அக்காள் மகனும் இதையேதான் கேட்டான். “நான் பொறக்கறதுக்கு முன்னாலேயே ஆரம்பிச்சவங்க அவங்க, மாமா. நான் எப்பப் போயி அவங்கள பிடிக்கிறது?” என்றான். கவலை இயல்பானதே. ஆனால் புதியவர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்பது என் உறுதியான கருத்து. நான் பார்த்தவரையில், புதிதாக வந்தவர்களைத் திரும்பி ஓட வைப்பவை இரண்டே: யாரோடும் சேராமல் தனியாக ஆடுவதும், இழக்க மனம் வராத பொருளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு பறப்பதும்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் இதை வெளியிட்டது. 2018இல் தென்கொரியாவின் பேர்ல் அபிஸ் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. சீனாவுக்கென்று தனியாகச் சர்வர் வைத்திருப்பதைத் தவிர்த்தால், உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் அனைவரும் நியூ ஈடன் என்னும் ஒரே உலகில், ஏறத்தாழ 7,800 விண்மீன் மண்டலங்களில் ஒன்றாகத் திரிகிறார்கள். அங்கே பறக்கும் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை ஆட்டக்காரர்களே கனிமம் தோண்டி, வார்த்து, சந்தையில் விற்றவை. வெடித்துச் சிதறிய கப்பல் திரும்பி வருவதில்லை. அந்தப் பொருளாதாரத்தைக் கவனிப்பதற்காகவே 2007இல் அந்த நிறுவனம் ஒரு பொருளாதார நிபுணரை வேலைக்கு அமர்த்தியது என்பதிலிருந்தே அதன் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, இருபது ஆண்டு முன்னிலை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்த விளையாட்டில் அரக்கர்களைக் கொன்று நிலை உயர்த்திக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஒரு திறனைப் பயிற்சி வரிசையில் வைத்துவிட்டால், நாம் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் வேலைக்குப் போனாலும் அது நிகழ்நேரத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும். மூத்தவர்களை ஒருபோதும் எட்ட முடியாது என்ற எண்ணம் பிறப்பது இங்கேதான், ஏனென்றால் அவர்களுடைய வரிசையும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து நிலைகள்தான் உண்டு. ஐந்தைத் தாண்டி எவரும் போக முடியாது. மிக எளிய வகைத் திறன் ஒன்றில் நான்காம் நிலையை அடைய மொத்தம் 45,255 புள்ளிகள் வேண்டும். ஐந்தாம் நிலைக்கு மொத்தம் 256,000. பெரும்பாலான திறன்களில் ஒவ்வொரு நிலையும் தருவது ஒரே அளவு பயன் என்பதால், நான்காம் நிலையில் நிற்பவருக்கு முழுப் பயனில் ஐந்தில் நான்கு பங்கு கிடைத்துவிடுகிறது. அதற்காக அவர் செலவிட்டதோ முழுப் பயிற்சிக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சந்தா கட்டி ஆடுபவர் ஒருவர் இத்தகைய திறனில் நான்காம் நிலையை ஏறத்தாழ ஒரு நாளில் எட்டிவிடுவார். அங்கிருந்து ஐந்தாம் நிலைக்குப் போக மேலும் ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். மூத்தவர்களின் ஆண்டுகளில் பெரும்பகுதி இந்தக் கடைசி ஒரு பங்குக்காகவும், அவர்கள் அன்றாடம் தொடாத வேறு வகைக் கப்பல்களுக்காகவும் செலவாகியிருக்கிறது.

அதைவிட முக்கியமானது, எத்தனை கப்பல்களை ஓட்டத் தெரிந்திருந்தாலும் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் உட்கார முடியும். ஃபிரிகேட் என்னும் சிறு கப்பலில் வந்து நிற்கும் மூத்தவருக்கு அந்தச் சண்டையில் பயன்படுவது ஃபிரிகேட்டுக்குரிய திறன்கள் மட்டுமே. கனிமம் தோண்டுவதற்காகவும் பெருங்கப்பல் கட்டுவதற்காகவும் அவர் சேர்த்துவைத்த கோடிக்கணக்கான புள்ளிகள் அங்கே சும்மா கிடக்கின்றன. ஆகவே ஒரு சிறு கப்பலையும் ஒரு வேலையையும் தேர்ந்துகொண்டு அதற்கு வேண்டிய திறன்களை மட்டும் வளர்க்கும் புதியவர் சில வாரங்களில் எண்ணளவில் மூத்தவரை நெருங்கிவிடுவார். கை நேர்த்தியும், எதிரி அடுத்து என்ன செய்வான் என்ற ஊகமும் வருவதற்குக் காலம் பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது உட்கார்ந்து ஆடி வளர்த்துக்கொள்ளக்கூடியது.

புதியவருக்கு நான் எப்போதும் பரிந்துரைக்கும் முதல் வேலை ‘டேக்கிள்’ எனப்படும் பிடித்துவைக்கும் வேலை. மலிவான ஃபிரிகேட்டில் வார்ப் ஸ்கிராம்ப்ளர் என்னும் கருவியைப் பொருத்திக்கொண்டு எதிரிக் கப்பலின் அருகே பாய்ந்து போய், அது அங்கிருந்து தப்பிப் பறக்க முடியாதபடி பிடித்துக்கொள்வதே அந்த வேலை. பேட்டில்ஷிப் என்னும் பெரிய போர்க்கப்பல் ஒன்றின் பீரங்கிகளால், மிக அருகில் வேகமாகச் சுற்றிவரும் சிறு கப்பலை எளிதில் குறிவைக்க முடியாது. தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள கப்பலை நேற்றுச் சேர்ந்த ஒருவர் பிடித்து நிறுத்தியிருக்க, பின்னால் வரும் கூட்டாளிகள் அதை முடித்துவைப்பது அங்கே அன்றாட நிகழ்ச்சி. பிடித்தவரின் ஃபிரிகேட்டும் பெரும்பாலும் வெடித்துப்போகும். அதன் விலை அற்பம் என்பதால் யாரும் வருந்துவதில்லை.

இங்கே ஒரு வார்த்தை. 2016 பிப்ரவரியிலிருந்து, ஒருவர் தம் திறன் புள்ளிகளைப் பிரித்தெடுத்து விற்கவும் மற்றவர் அதை ஸ்கில் இன்ஜெக்டராக வாங்கி ஏற்றிக்கொள்ளவும் வழி வந்துவிட்டது. ஐம்பது இலட்சம் புள்ளிகளுக்குக் குறைவாக உள்ளவருக்கு ஓர் இன்ஜெக்டர் 500,000 புள்ளிகள் தருகிறது. எட்டு கோடியைத் தாண்டியவருக்கு 150,000தான். சமத்துவம் பேணுவதற்கான ஏற்பாடு இது என்று சிலர் வாதிடுகிறார்கள். புதியவரின் பணப்பையை முதலில் திறக்கவைக்கும் ஏற்பாடாகவே எனக்குத் தெரிகிறது. உண்மைப் பணத்தைக் கொட்டிப் பெருங்கப்பலில் ஏறி அமரும் ஒருவருக்கு அதை ஓட்டும் உரிமை கிடைக்கிறது, ஓட்டும் அறிவு கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவருக்காகவே காத்திருக்கும் கூட்டங்கள் அங்கே நிறைய உண்டு.

காத்திருக்கும் கூட்டங்கள் என்றேனே, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மண்டலத்திற்கும் 1.0 முதல் கீழ்நோக்கி ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5உம் அதற்கு மேற்பட்டவையும் உயர்பாதுகாப்பு மண்டலங்கள் என்று அழைக்கப்படுவதால், அங்கே யாரும் தம்மைத் தாக்க முடியாது என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். தாக்க முடியும். கான்கார்ட் என்னும் காவல்படை தாக்கியவரை அழித்துத் தண்டிக்குமே தவிர, தாக்குதலைத் தடுக்காது. அது வந்துசேர்வதற்குச் சில நொடிகள் ஆகும், மண்டலத்தின் பாதுகாப்பு எண் குறையக் குறைய அந்த நேரம் நீளும். மலிவான கேட்டலிஸ்ட் வகைக் கப்பல்கள் சிலவற்றைக் கூட்டி வரும் ஒரு குழு அந்த நொடிகளுக்குள் ஒரு சரக்குக் கப்பலை உடைத்துவிட்டால், உள்ளிருந்த சரக்கில் ஏறக்குறைய பாதி அழியாமல் மிதக்கும்; கூட்டாளி ஒருவர் வந்து அதை அள்ளிக்கொண்டு போவார். இழக்கப்போகும் மலிவுக் கப்பல்களின் விலையைவிடக் கிடைக்கும் சரக்கின் மதிப்பு கூடுதலா என்பதே அவர்கள் போடும் கணக்கு. எனவே நம் சரக்கின் மதிப்பு அவர்களுக்குக் கட்டுப்படியாகாத அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும், ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் ஏற்றாமல் பிரித்துக் கொண்டுபோவதும், ஆளில்லாமல் தானியங்கியில் பறக்கவிடாமலிருப்பதும் புதியவர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டியவை. கப்பல் போனாலும் உயிர் போனாலும் வளர்த்த திறன்கள் நம்மிடமே இருக்கும்; குளோன் உடலில் கண்விழித்து, அடுத்த கப்பலில் ஏறிக்கொள்ளலாம்.

ஏமாற்றுக்காரர்கள் வேறு. ஜீட்டா என்பது நியூ ஈடனின் மிகப் பெரிய வணிக மையம்; அங்கே நுழைந்தவுடன் உரையாடல் பெட்டியில் “உங்கள் இஸ்க் பணத்தை அனுப்புங்கள், இரட்டிப்பாக்கித் திருப்பித் தருகிறேன்” என்ற விளம்பரங்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் (இஸ்க் என்பது விளையாட்டுக்குள் புழங்கும் பணம்). ‘ஸ்கிம் செப்பாட் காயா’ எனப்படும் திடீர்ப் பணக்காரராக்கும் மோசடிகளைப் பற்றி நம் நாளேடுகளில் இத்தனை காலமாகப் படித்துவரும் மலேசியர்கள் இதில் விழக்கூடாது, ஆனாலும் விழுகிறார்கள். முதலில் சிறு தொகை அனுப்பினால் உண்மையிலேயே இரட்டிப்பாகத் திரும்பி வருவதும் உண்டு, பெரிய தொகைக்கு வழி பண்ணுவதற்காக. புதியவர்கள் தொடங்கும் மண்டலங்களில் அவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதியைத் தவிர, விளையாட்டுக்குள் செய்யும் இத்தகைய ஏமாற்று வேலையை நிறுவனம் தடை செய்வதில்லை. 2005இல் ஒரு குழு, தன் இலக்கான கார்ப்பரேஷனுக்குள் (ஆட்டக்காரர்கள் கூடி அமைத்துக்கொள்ளும் குழுவுக்கு அங்கே அதுதான் பெயர்) மாதக்கணக்கில் நம்பிக்கைக்குரியவர்களாக நடித்து இருந்துவிட்டு, ஒரே நாளில் கிடங்குகளைக் காலி செய்து தலைவியின் கப்பலையும் வீழ்த்தியது. அது விதிமீறல் ஆகவில்லை, கதையாகத்தான் ஆனது. இந்த இயல்பு பிடிக்காதவர்கள் பலர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு.

இத்தனை பேர் ஏமாற்றும் இடத்தில் யாரையாவது நம்பிச் சேர் என்று நான் சொல்வது முரணாகத் தோன்றலாம். இருந்தாலும் சொல்கிறேன்: முதல் மாதத்திற்குள் ஒரு கார்ப்பரேஷனில் சேர்ந்துவிடுங்கள். நம்மிடம் திருடத் தக்க பொருள் எதுவும் இல்லாத காலம் அதுதான். 2004இல் தொடங்கப்பட்டு, புதியவர்களுக்குக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு ஆட்டக்காரர்களால் நடத்தப்படும் ஈவ் யுனிவர்சிட்டி இன்றும் இருக்கிறது. பெரிய கூட்டணிகளிலும் புதியவர்களுக்கென்றே கிளைகள் உண்டு. ஃபிரிகேட்டுகளை இலவசமாகவே கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பதும், போன கப்பலைப் பற்றிச் சிரித்துப் பேச ஆள் இருப்பதும்தான் ஒருவரை இரண்டாம் மாதத்துக்குக் கொண்டுசெல்கின்றன. மூத்தவர்களின் இருபது ஆண்டுகள் இங்கே நமக்கு உதவியாகவே மாறுகின்றன, ஏனென்றால் அவர்களிடம் இருக்கும் பணமும் அறிவும் செலவழிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன.

எந்தக் கார்ப்பரேஷன் என்பதில் கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கடிகாரம்தான் முதல் அளவுகோல். விளையாட்டின் நேரம் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம். நாள்தோறும் யுடிசி 11:00 மணிக்கு, அதாவது நமக்கு மாலை 7 மணிக்கு, பராமரிப்புக்காகச் சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்குவார்கள். அது நமக்குத் தொந்தரவே இல்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஊர்ந்து வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு அமரும்போது புதிய நாள் தொடங்கியிருக்கும். சிக்கல் மற்றவர்களின் நேரத்தில் இருக்கிறது. ஐரோப்பியர்கள் கூடும் மாலை எட்டு மணி நமக்கு நள்ளிரவைத் தாண்டிய மூன்று, நான்கு மணி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு எட்டு என்றால் நாம் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம். புகழைப் பார்த்து ஐரோப்பியக் குழுவில் சேர்ந்துவிட்டு, நாம் ஆடும் நேரத்தில் பேச ஒருவரும் இல்லாமல் சலித்து விலகியவர்களை நான் அறிவேன். சிட்னியின் இரவு எட்டு நமக்கு மாலை ஆறு. பெர்த் நம்மோடு ஒரே நேரத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலிய, கிழக்காசிய நேரத்தில் இயங்கும் குழுவா என்று சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இணைய வேகத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சர்வர் இலண்டனில் இருந்தாலும், இந்த விளையாட்டு நம் கட்டளைகளை நொடிக்கு ஒருமுறைதான் எடுத்துக் கணக்கிடுகிறது. துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் நம்மை வீழ்த்தும் தாமதம் இங்கே பெரும்பாலும் பொருட்டாவதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, 2016 நவம்பரிலிருந்து ஆல்ஃபா என்னும் இலவசக் கணக்கு இருக்கிறது. அதில் பயிற்சியின் வேகம் பாதிதான், ஓட்டக்கூடிய கப்பல்களிலும் வரம்பு உண்டு. ஆனால் மேலே சொன்ன டேக்கிள் வேலைக்கு அது தாராளமாகப் போதும். இந்த வரம்புகளை நீக்கும் ஒமேகா என்னும் சந்தாவை 2022 மே மாதத்தில் 14.95 அமெரிக்க டாலரிலிருந்து 19.99க்கு உயர்த்தினார்கள், ரிங்கிட்டில் சம்பளம் வாங்குகிறவருக்கு அது சிறு தொகையன்று. பிளெக்ஸ் என்னும் பண்டத்தை விளையாட்டுப் பணத்தால் வாங்கிச் சந்தாவைக் கட்டலாம் என்று மூத்தவர்கள் ஆசை காட்டுவார்கள். அது உண்மைதான், ஆனால் புதியவர் அதைத் துரத்தினால் விளையாட்டு இரண்டாவது வேலையாகிவிடும். குழுவில் இரண்டு மூன்று மாதம் ஆடிய பிறகும் ஆசை இருந்தால் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த விளையாட்டை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லாரும் 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் நடந்த போரைத்தான் காட்டுகிறார்கள். மண்டல உரிமைக்கான கட்டணம் கட்டப்படாமல் போனதால் மூண்டு, ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்து, டைட்டன் என்னும் மாபெரும் கப்பல்களில் 75ஐத் தின்ற போர் அது. கேட்கச் சிலிர்ப்பாக இருக்கும். ஆனால் அத்தகைய நெரிசலில் சர்வர் தாங்குவதற்காகக் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்துவிடுகிறார்கள். பீரங்கி ஒருமுறை சுடுவதற்குள் தேநீர் போட்டுவிடலாம். அதை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்துபோவார். பத்துப் பேர் சேர்ந்து செல்லும் சிறு கூட்டத்தில் கிடைக்கும் பரபரப்பு அதில் இல்லை.

இன்னொன்று, நினைத்த நேரத்தில் நிறுத்திவைக்கும் வசதி இதில் இல்லை. கைக்குழந்தை உள்ளவர்களும், அழைப்பு வந்தால் உடனே எழுந்தாக வேண்டிய வேலையில் இருப்பவர்களும் சண்டைக் குழுக்களை விட்டுவிட்டு, சந்தை வணிகத்திலோ உற்பத்தியிலோ தொடங்கலாம். கொள்முதல் ஆணைகளைப் போட்டுவிட்டுப் போனால் அவை தாமாக நிறைவேறிக்கொண்டிருக்கும். மறுநாள் வந்து விலையைத் திருத்தினால் போதும்.