மூன்று இரண்டைவிடப் பெரிது, எனக்கும் தெரியும்

சனிக்கிழமை மேட்ச் பார்க்க வந்த எல்லோருக்கும் நடந்தது தெரியும். வராதவர்களுக்கும் ஞாயிறு காலைக்குள் தெரிந்திருக்கும், வாட்ஸப் எதற்கு இருக்கிறது? அதனால் ஆள் யார், எந்த கம்பெனி என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு வந்த பயிற்சியாளர்களிலேயே பெரியவர் டீன் ஸ்மித் என்று நான் சொன்னேன். "டீன் ஸ்மித்தா? 36 சீசன்ல ரெண்டு கப்பு. அதே டீமுக்குப் பின்னாடி கோச்சா வந்த ராய் வில்லியம்ஸ் 18 சீசன்ல மூணு. கணக்கு முடிஞ்சுது அங்கிள்" என்று அந்தத் தம்பி சொன்னதும் மொத்த ஹாலும் சிரித்தது. அங்கிள்கூடப் பரவாயில்லை. கணக்கு முடிந்தது என்றாரே, அதுதான்.

சரி, கணக்கே பேசுவோம். 1961 இல் நார்த் கரோலினா அணியை டீன் ஏற்றபோது வயது 30. அவருக்கு முன்பிருந்த ஃபிராங்க் மெக்வயர் 1957 இல் 32 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் கோப்பை வாங்கியவர். ஆனால் போகும்போது அணியின் தலையில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தண்டனை இருந்தது. டீனின் முதல் சீசன் 8 வெற்றி, 9 தோல்வி. 1965 ஜனவரியில் வேக் ஃபாரஸ்ட் அணியிடம் தோற்றுத் திரும்பினால், பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லில் அவருடைய கொடும்பாவி தொங்குகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிப்போய் அதைப் பிய்த்தெறிந்தவர் அவருடைய வீரர் பில்லி கன்னிங்ஹாம். அங்கிருந்து தொடங்கிய ஆள் 1997 இல் ஓய்வு பெறும்போது 879 வெற்றி. அன்றைக்கு அந்த எண்ணிக்கை வேறு யாரிடமும் இல்லை. ஃபைனல் ஃபோர், அதாவது தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக, 11 முறை. எண்ணத் தெரிந்தவர்கள் இதையும் எண்ணலாமே.

ராய் மோசம் என்று நான் எங்கே சொன்னேன்? 2017 இல் அவர் மூன்றாவது கோப்பை வாங்கியபோது நான் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். ஆனால் அந்த ராய் யார்? பத்து வருடம் டீனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். 1988 இல் எந்தக் கல்லூரி அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத அவரைக் கான்சாஸ் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டதே டீன் சொன்ன சொல்லுக்காகத்தான். இன்றைக்கும் அவர் வாயில் 'கோச் ஸ்மித்' என்றுதான் வரும். ராயின் மூன்றையும் டீன் கணக்கில் எழுது என்று நான் சொல்லவில்லை. மனசுக்குள் எழுதிக்கொள்கிறேன், அது வேறு.

"ஜோர்டானை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கப்பா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். 1982 இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ்டவுனுக்கு எதிராகக் கடைசி நேரத்தில், அப்போது முதலாண்டுப் பையனாக இருந்த அதே ஜோர்டானை நம்பினாரே, 63-62 என்று ஜெயித்தார்களே, அதைச் சொல்ல மாட்டீர்கள். 1984 இல் இண்டியானாவிடம் தோற்றது பற்றிக் கேட்டால், அதை இன்னொரு நாள் பேசலாம்.

"டீனின் நான்கு மூலை ஆட்டம், நாலு பேர் மூலைக்கு ஒருவராக நின்று கூடை போடாமல் பந்தைக் கைமாற்றி நேரத்தைக் கடத்துவது, தூக்கம் வரவைத்தது." வரவைத்ததுதான். பந்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்க வழி தெரியாமல்தானே தூக்கம் வந்தது? கடைசியில், இத்தனை நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று சொல்லும் ஷாட் கிளாக் என்று ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது கப்பே இல்லை. கறுப்பினத்தவர்களுக்குச் சாப்பாடு போடாத ஓர் உணவகத்துக்கு, இளம் பயிற்சியாளராக இருந்தபோதே, தன் சபைப் போதகரோடு ஒரு கறுப்பின மாணவரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவர் டீன். பின்னால் சார்லி ஸ்காட்டை அணிக்குக் கொண்டுவந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர். "அது சமூக சேவை, கோச்சிங் இல்லை" என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

இன்னொரு பழக்கம் வைத்திருந்தார். கூடை போட்டவன், தனக்குப் பந்து கொடுத்தவனை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை இதை டிவியில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏனென்றால் 1994 இல் எங்கள் பள்ளி மாவட்ட இறுதியில் ஜெயித்தது. மண் தரைக் கோர்ட்டில் பழகிய பையன்கள். கடைசிக் கூடைக்குப் பந்து கொடுத்தது நான். மறுநாள் பேப்பரில் கூடை போட்டவனுடைய போட்டோ வந்தது. நான் 'மற்றும் பலர்'. எங்கள் பி.டி. சார் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். போட்டோவுக்குக் கீழே நீல மையில் 'பந்து கொடுத்தது' என்று எழுதி என் பெயரையும் இன்ஷியலோடு எழுதியிருந்தார். அந்த சாரிடம் எத்தனை கப் இருந்தது என்று கேட்டால் ஒன்றுதான். அதையும் ஹெட்மாஸ்டர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

2015 இல் டீன் இறந்த பிறகு, அவரிடம் ஆடிய ஏறத்தாழ 180 பேருக்கு ஆளுக்கு 200 டாலர் காசோலை வந்தது. வெளியே போய் நல்லபடியாக ஒரு வேளை சாப்பிடுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். ஜோர்டானுக்கும் 200, பெஞ்சிலேயே காலம் தள்ளியவனுக்கும் 200. கேலி செய்யுங்கள், ஜோர்டானுக்கு எதற்கு 200 டாலர் என்று.

சனிக்கிழமை சிரித்தவர்களில் மூன்று பேருக்கு இந்த ஊரில் முதல் வேலைக்கு ரெஃபரல் கொடுத்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லிக்காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த மேட்ச் என் வீட்டில் என்று ஏற்கெனவே முடிவானது, அதில் மாற்றமில்லை. பிரியாணி உண்டு. அந்தத் தம்பியும் வரலாம்.