மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கச் சொன்னவர்

சீனாவின் வளர்ச்சி பற்றிப் பேச்சு வந்தாலே தலைவர் தெங் சியாவோபிங், 1978இல் தொடங்கிய சீர்திருத்தம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் 1956இல் ஆரம்பிப்பேன், சுன் யெஃபாங் என்ற சீனப் பொருளாதார அறிஞரிடமிருந்து. அவர் பெயரே நம் பேச்சில் வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1908இல் ஜியாங்சு மாகாணத்து வூஷியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, மாஸ்கோவுக்குப் போய்ப் படித்தார். மக்கள் சீனத்தில் அரசுப் புள்ளியியல் துறையின் துணைத் தலைவர், அப்புறம் பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் தலைவர். வெளியே நின்று குறை சொன்னவர் இல்லை. தொழிற்சாலைக் கணக்குகளை உள்ளே இருந்து பார்த்தவர்.

பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை டன், இத்தனை மீட்டர் என்று மேலிருந்து இலக்கு வருகிறது. அதை எட்ட எவ்வளவு உழைப்பும் பொருளும் விரயமானது என்று கேட்பார் இல்லை. திட்டமிடலும் புள்ளியியலும் மதிப்பு விதியின் மேல், அதாவது ஒரு பொருளின் மதிப்பை அதைச் செய்யத் தேவைப்படும் உழைப்பே தீர்மானிக்கிறது என்ற விதியின் மேல், நிற்க வேண்டும் என்று 1956இல் எழுதினார். லாபத்தைப் பிடித்தால் மற்றதெல்லாம் தானே வரும் என்பதற்கு அவர் சொன்ன உவமை மாடு. மூக்கைப் பிடித்து இழுத்தால் கால்கள் பின்னால் வந்துவிடும். காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து மாட்டை நடத்த முடியுமா? மாட்டோடு பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கணக்கெழுதுவது என் பிழைப்பு. அதனால் என்னை அதிகம் உலுக்கியது தேய்மானம் பற்றி அவர் எழுதியதுதான். இயந்திரம் தேயத் தேய ஒதுக்கும் பணத்தை அரசு எடுத்துக்கொள்ளும். ஆலை நிர்வாகிக்குப் பழைய இயந்திரத்தைப் பழுது பார்க்க மட்டும்தான் அனுமதி. புதியது வாங்க மேலே கெஞ்ச வேண்டும். இது பழம்பொருளுக்கு நகல் எடுக்கிற வேலை, தொழில்நுட்பத்தையே உறைய வைக்கிறது என்றார் சுன். தேய்மானத்தை ஏட்டில் ஒரு வரியாக எழுதிப் பழகிய எனக்கு, அந்த வரிக்குள் ஒரு நாட்டின் தொழில்துறையே மாட்டிக்கொள்ளும் என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

லாபம் என்று பேசியதற்குத் தண்டனை வந்தது. ‘சீனாவின் லிபர்மேன்’ என்று முத்திரை குத்தினார்கள். லாபத்தை அளவுகோலாக வைக்கச் சொன்ன சோவியத் பொருளாதார அறிஞர் லிபர்மேன். அன்றைய சீனாவில் அது வசவு. பதவி போனது. 1968 ஏப்ரலில் சின்செங் சிறை. எழுத வேண்டிய புத்தகத்தைத் தலைக்குள்ளேயே அத்தியாயம் அத்தியாயமாகக் கட்டினார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இப்படி 85 முறை. ஏழு வருடம் கழித்து வெளியே வந்தபோது, கொள்கையை மாற்ற மாட்டேன், தொழிலை மாற்ற மாட்டேன், கருத்தை மாற்ற மாட்டேன் என்றார். 1979இல் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தே வேலை பார்த்தார். 1983 பிப்ரவரியில் இறந்தார்.

அவருடைய துணிச்சலை எல்லோரும் புகழ்வார்கள். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது அவருடைய நேர்மையை. மதிப்பு விதி பற்றிய யோசனையைத் தன்னிடம் எழுப்பியவர் நண்பர் கு ஜுன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். கு ஜுன் இரண்டு முறை வலதுசாரி, அதாவது கட்சிக்கு எதிரி, என்று முத்திரை குத்தப்பட்டவர். முதல் முத்திரை நீங்கியதும் 1962இல் அவரைத் தன் நிறுவனத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டவரும் சுன்தான். 1974 டிசம்பரில் கு ஜுன் புற்றுநோயால் இறந்தார். சுன் சிறையிலிருந்து வெளியே வர அப்போது இன்னும் நான்கு மாதம் இருந்தது.