பாம்பு கடித்தால் நேரே யாழ்ப்பாணமா?

"வன்னி ஆஸ்பத்திரிகளில் பனடோல் மட்டும்தான், பாம்பு கடித்தால் நேரே யாழ்ப்பாணம் ஓடுங்கோ" என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. பிழை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. சத்திரசிகிச்சை, பிரசவம், கிளினிக் எல்லாம் அங்கேயே நடக்கின்றன, விசமுறிவு மருந்தும் இலவசம்தான். போனவுடன் மருந்து ஏற்றவில்லை என்று சிலர் கோபிப்பார்கள் (நானும் ஒருகாலம் அப்படித்தான்), ஆனால் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்த்து, விசம் ஏறிய அறிகுறி இருந்தால்தான் ஏற்றுவார்கள், ஏனென்றால் அந்த மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 60 கிலோமீற்றருக்கு மேல். புடையன் (விரியன் பாம்பு) கடித்தவரை அவ்வளவு தூரம் இழுக்காதீர்கள், கயிறு இறுக்கிக் கட்டவும் வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.