முதலில் அந்த வீடியோவை நீக்குங்கள்

இரண்டு நாளாக அந்த 22 விநாடி வீடியோ என் டைம்லைனில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. மனநல வார்டில் ஒரு பெண் நோயாளியை ஊழியர்கள் நாலு பேர் தரையில் பிடித்துவைத்திருக்கும் வீடியோதான். லிங்க் போட மாட்டேன். பகிர்ந்தவர்களில் என் நண்பர்கள் இருக்கிறார்கள், நான் மிகவும் மதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். "மனநல வார்டில் ரவுடிகள்" என்று எழுதி, கோப எமோஜி போட்டு, அடுத்தவர்களையும் பகிரச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது என்பது உங்களில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லையா?

யாருக்காகக் குரல் கொடுக்கிறோம் என்கிறீர்களோ, அவருடைய முகம் அது. துணி விலகி, தலை கலைந்து, தன் வாழ்க்கையின் மிக மோசமான நேரத்தில் இருக்கிறார். சில வாரங்களில் மருந்து வேலை செய்யும், தூக்கம் வரும், தெளிவார், வீட்டுக்குப் போவார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். போனதும் கையில் போனை எடுப்பார். அப்போது இது அவர் கண்ணில் படும். அவர் பார்க்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருப்பார், வேலை கேட்டுப் போகும் இடத்தில் பார்த்திருப்பார்கள். அந்த வார்டில் அவருக்கு என்ன நடந்தது என்று நீங்களும் நானும் வாதாடலாம். ஆனால் வார்டுக்கு வெளியே இந்த இரண்டு நாளில் அவருக்கு நடந்ததைச் செய்தது யார் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

நான் இப்படி ஒரு மனநல சிகிச்சை மையத்தில்தான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். அடையாள அட்டையில் பிஹேவியரல் ஹெல்த் ஸ்பெஷலிஸ்ட் என்று இருக்கும். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளிகளோடு நாள் முழுக்க இருப்பவள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார், நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டுக் குறிப்பு எழுதப் போவார், மீதி நேரம் முழுக்க எங்களோடுதான். அதனால் இந்த வீடியோ விஷயத்தில் நான் நடுநிலையாகப் பேசுகிறேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு வலிக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று இரவு என் அம்மா போன் செய்தார். யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். "ஏன்டி, நீயும் இப்படித்தான் பண்ணுவியா?" என்று கேட்டார். என் அம்மாவே அப்படிக் கேட்டுவிட்டார்.

இந்த வேலையில் பெரும்பகுதி பார்த்துக்கொண்டிருப்பதுதான். 15 நிமிடத்துக்கு ஒரு ரவுண்டு. அதைக்கூடக் கடிகாரம் பார்த்துச் சரியாகப் போகக் கூடாது, கொஞ்சம் முன்னே பின்னே போக வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்ள நினைப்பவர் எங்கள் காலடிச் சத்தத்தை வைத்தே நேரத்தைக் கணக்குப் போட்டுவிடுவார். ராத்திரியில் டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. சுவரில் அடித்து, அந்த வெளிச்சத்தில் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே நின்று மூச்சுச் சத்தத்தைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் அடுத்த கட்டிலுக்குப் போகலாம். விடிய விடிய இதுதான் வேலை. இதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

ஒருவர் கொந்தளிக்க ஆரம்பித்தால் என்ன செய்வோம் என்று நினைக்கிறீர்கள்? ஓடிப்போய்ப் பிடிப்போம் என்றா? ஒரே ஒருவர்தான் பேச வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். ஏற்கெனவே காதில் குரல்கள் கேட்டுக்கொண்டிருப்பவரிடம் நாலு பேர் நாலு பக்கமிருந்து பேசினால், அவருக்கு இன்னும் நாலு குரல் கூடும், அவ்வளவுதான். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கை இரண்டும் வெளியே தெரிய வேண்டும். கதவை மறிக்கக் கூடாது, அவர் வெளியே போக வழி இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்ற நோயாளிகளை மெதுவாக அந்த இடத்திலிருந்து நகர்த்த வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே. பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அழுவார்கள், உட்கார்வார்கள், தண்ணீர் கேட்பார்கள். யாரும் யாரையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்த 22 விநாடிக்கு முன்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் வீடியோவில் இருப்பதையாவது சரியாகப் பார்த்தீர்களா? இடது பக்கம் மண்டியிட்டிருப்பவர் "தலையைத் தரையோடு அழுத்துகிறார்" என்று சிவப்பு வட்டம் போட்டுப் பகிர்ந்திருக்கிறார்கள். அவருடைய உள்ளங்கை மேல்நோக்கி இருக்கிறது. அவர் கை தலைக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிறது. தலை தரையில் மோதாமல் இருக்கத் தன் கையைக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். பிடிக்கும்போது ஒருவர் தலைமாட்டில் இருந்தாக வேண்டும், மூச்சையும் முகத்தின் நிறத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் இருக்கக் கூடாது என்பது விதி. அவர் செய்துகொண்டிருந்தது அதைத்தான். அவரைத்தான் வட்டம் போட்டு ரவுடி ஆக்கியிருக்கிறீர்கள்.

பின்னால் ஒருவர் கத்துவது கேட்கிறது. அது எனக்கும் பிடிக்கவில்லை. விசாரிக்கட்டும்.

"அப்படியென்றால் வார்டில் தப்பே நடப்பதில்லையா?" என்று கேட்பீர்கள். நடக்கிறது. ஆள் செத்தே போயிருக்கிறார்கள். குப்புறப் படுக்கவைத்து முதுகில் எடை போட்டால் சில நிமிடத்தில் மூச்சு நின்றுவிடலாம், அதனால்தான் அது கூடவே கூடாது என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 1998இல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் என்ற நாளிதழ், கட்டிப்போட்டதிலும் பிடித்துவைத்ததிலும் தனியறையில் அடைத்ததிலும் பத்து வருடத்தில் 142 பேர் இறந்ததை வெளியே கொண்டுவந்தது. 2000இல் அங்கே இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அந்த நிருபர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். மாநிலம் மாநிலமாகத் தகவல் திரட்டி, யார், எங்கே, எப்படி இறந்தார் என்று தோண்டித் தோண்டி எழுதினார்கள். உயிரோடு இருக்கும் ஒரு நோயாளியின் முகத்தை ஊருக்கே காட்டுவதும் அந்த வேலையும் ஒன்றாகிவிடுமா?

"வீடியோ வராவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சரி, நியாயமான கேள்விதான். புகார் வாங்கும் அதிகாரியிடம் கொடுங்கள், நீதிமன்றத்தில் கொடுங்கள், பத்திரிகையாளரிடம் கொடுங்கள். பொதுவெளியில் போட்டே ஆக வேண்டும் என்றால் முகத்தை மறைத்துப் போடுங்கள். இன்றைக்குப் போனிலேயே ஒரு நிமிட வேலை அது. அந்த ஒரு நிமிடத்தை அந்தப் பெண்ணுக்காகச் செலவழிக்க முடியாதவர்கள் எனக்கு மனிதநேயம் சொல்லித்தர வருகிறார்கள்.

என் கண்ணாடி உடைந்திருக்கிறது. முடி கொத்தாகக் கையோடு போயிருக்கிறது. முகத்தில் எச்சில் பட்டிருக்கிறது. அதையெல்லாம் நானும் என்னோடு வேலை செய்பவர்களும் படம் எடுத்துப் போட்டோமா? போட மாட்டோம். அது அவர்களுடைய நோய் செய்தது, அவர்கள் செய்ததில்லை. அதோடு, மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதே இல்லை, அடி வாங்குகிறவர்கள்தான் அவர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் என் அனுபவத்தை வைத்தே நாளை யாராவது அவர்களுக்கு எதிராக எழுதுவார்கள்.

"வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுத்தால் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு கமெண்ட். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். இதைப் படித்ததும் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். ஒரு அம்மா எங்கள் வார்டில் இருந்தார். (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) புதிய மருந்து ஆரம்பித்த சில நாளில் ஓயாமல் நடக்க ஆரம்பித்தார். உட்காரச் சொன்னால் உட்கார்வார், பத்து விநாடியில் எழுந்துவிடுவார். நின்றாலும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார். ஷிஃப்ட் குறிப்பில் எல்லாரும் "பதற்றம் அதிகம், சொன்னால் கேட்பதில்லை" என்று எழுதினார்கள். மருந்தைக் கூட்டலாமா என்ற பேச்சும் வந்தது. இந்த அண்ணன் அவரோடு சேர்ந்து வராந்தாவில் நடந்தார். நடந்துகொண்டே கேட்டார்: "அம்மா, மனசு நடக்கச் சொல்லுதா, காலு நடக்கச் சொல்லுதா?"

"காலுதான் தம்பி. தோலுக்குள்ள என்னமோ ஊருது. உக்கார விட மாட்டேங்குது."

அது நோய் முற்றியதால் வந்த பதற்றம் இல்லை. அகதீசியா, மனநோய் மருந்துகளின் பக்கவிளைவு. அதை நோய் என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். தாங்க முடியாமல் உயிரை விட நினைப்பவர்களும் உண்டு. அண்ணன் நர்ஸிடம் சொன்னார், நர்ஸ் டாக்டரிடம் சொன்னார், அன்றைக்கே மருந்தின் அளவைக் குறைத்து, அந்தத் தவிப்பைத் தணிக்க ப்ரோப்ரானலால் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். சில நாளில் அந்த அம்மா உட்கார்ந்து முழுசாக ஒரு வேளை சாப்பிட்டார். அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டிருந்தால் அவரையும் ஒருநாள் நாலு பேர் பிடிக்க வேண்டி வந்திருக்கும். அப்போது நீங்கள் அதையும் பகிர்ந்திருப்பீர்கள்.

எங்களைப் போன்றவர்களின் பெயர் எப்போதும் இப்படித்தான் அழிந்துபோகிறது. மனநோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவர் யார் என்று கேட்டால் படித்தவர்கள் ஃபிரெஞ்சு டாக்டர் ஃபிலிப் பினெல் என்பார்கள். ஓவியமே வரைந்திருக்கிறார்கள். பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனைக்கு அவர் 1793இல் வந்தார், 1795இல் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். பிசேத்ரில் சங்கிலியை எடுத்தது அதற்குப் பிறகு, 1797இல். எடுத்தவர் ழான்-பப்டிஸ்ட் புஸ்ஸேன். அவர் டாக்டர் இல்லை. கழுத்தில் கட்டிகள் வரும் கண்டமாலை நோய்க்காக அங்கே நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, வார்டுப் பொறுப்பாளர் ஆனவர். ஊழியர்கள் நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று கண்டிப்பு வைத்தவரும் அவர்தான். அவரிடமும் அவர் மனைவியிடமும் கற்றதைப் பினெலே நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார். அதற்கப்புறமும் புஸ்ஸேன் என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"நோயாளியைப் பிடிப்பதே தப்பு, உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது" என்று ஒரு தோழர் நீளமாக எழுதியிருந்தார். ஆமாம். 2012இலிருந்து குவாலிட்டிரைட்ஸ் என்ற திட்டத்தில் கட்டாயம் இல்லாத சிகிச்சையைத்தான் வலியுறுத்துகிறார்கள். நானும் அதைத்தான் விரும்புகிறேன், உங்களைவிட அதிகமாகவே விரும்புகிறேன். ஒவ்வொரு முறை ஒருவரைப் பிடித்த பிறகும் வீட்டுக்குப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் நீங்கள் பாதியைத்தான் சொல்கிறீர்கள். இங்கிலாந்தில் சேஃப்வார்ட்ஸ் என்ற முறையை 15 மருத்துவமனைகளில் 31 வார்டுகளில் சோதித்தார்கள், முடிவு 2015இல் வெளிவந்தது. மோதல் 15 சதவீதமும், பிடிப்பது, அடைப்பது மாதிரியான கட்டுப்பாடுகள் 26 சதவீதமும் குறைந்தன. புதிய மருந்து எதுவும் கொடுத்து அல்ல. ஊழியர்கள் நோயாளிகளோடு பேசும் விதத்தை மாற்றி, ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வைத்து. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இது இன்றைக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. 1830களின் இறுதியில் இங்கிலாந்தின் லிங்கன் நகர மனநல விடுதியில் நோயாளிகளைப் பிணைக்கும் எல்லாக் கட்டுகளையும் ஒழித்த டாக்டர் ராபர்ட் கார்டினர் ஹில், கட்டுக்குப் பதில் என்ன என்று கேட்டவர்களுக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டார்: இரவும் பகலும் இடைவிடாத கவனிப்பு, கனிவு, அப்புறம் கவனிக்கும் ஊழியருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காமல் இருப்பது.

வேறு எந்த வேலையும் கொடுக்காமல் இருப்பது! ரவுண்டுக்கு நடுவில் துணி எடுத்து வைக்க வேண்டும், போனை எடுக்க வேண்டும், புதிதாக வந்தவரின் பையைச் சோதித்து ஒவ்வொரு பொருளாக எழுத வேண்டும், ஒருவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போக வேண்டும், வராத ஆளின் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தனைக்கும் நடுவில் ஒரு மூலையில் ஒருவர் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆள் இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்காரலாம், பேச்சுக் கொடுக்கலாம். ஆள் இல்லாத நாளில் அவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். அப்போது பிடிப்பதைத் தவிர வேறு வழி மிச்சம் இருக்காது. பேசத் தெரியாததால் பிடித்தோம் என்கிறீர்கள். பேச விடாமல் செய்தது யார் என்று கேட்க மாட்டேன் என்கிறீர்கள்.

பகிர்ந்த நண்பர்களே, உங்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் அந்த மையத்தின் நிர்வாகத்திடம் கேளுங்கள். அன்றைக்கு அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை ஊழியர்கள்? அந்த நாலு பேரும் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார்கள்? கடைசியாக அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது எப்போது? பிடிப்பதற்கு முன்னால் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று குறிப்பு இருக்கிறதா? பிடித்த பிறகு அந்தப் பெண்ணோடு யார் உட்கார்ந்து பேசினார்கள்? பதில் வாங்கி எழுதுங்கள். யார் மேல் தப்பு இருந்தாலும், அந்த நாலு பேர் மேலேயே இருந்தாலும், அந்தப் பதிவை என் பெயரோடு நானே பகிர்கிறேன்.