குசினிக்குக் கேட்ட குரல்

போன லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். கொழும்பில் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் கினிகத்தேனையிலேயே குளிர் பிடித்துவிடும். ஹட்டனில் இறங்கி, பொகவந்தலாவை பஸ்ஸுக்கு நின்று, அப்புறம் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நடை. மறுநாள் பின்னேரம் நல்ல மழை. வெளியே தலைகாட்ட முடியாது. ஃபோனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து 'பார்க்கிங்' படத்தைப் போட்டேன். அம்மா குசினியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போயிருக்கும். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"என்னாடா, பட்டாபி இப்புடி கத்துறாரு? யாரோட சண்டை?"

அந்தப் படத்தில் பட்டாபி என்று யாருமே இல்லை. பட்டாபி என்பது நடிகர் எம்.எஸ். பாஸ்கர் பழைய சீரியல் ஒன்றில் போட்ட வேஷம். இந்தப் படத்தில் அவருக்கு இளம்பரிதி என்று பெயர். அம்மா படத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, கை முழுக்க மா. மழையும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதையும் தாண்டி அந்தக் குரல் அவருக்குப் பிடிபட்டிருக்கிறது.

"கார் நிறுத்துற இடத்துக்குச் சண்டைம்மா. மேல் வீட்டுக்காரனுக்கும் கீழ் வீட்டுக்காரருக்கும்."

"ஓ, பீலிச் சண்டை" என்றார் அம்மா. அவ்வளவுதான். இரண்டு மணி நேரப் படத்தை ஒரு சொல்லில் முடித்துவிட்டார். தண்ணீர்ப் பீலியில் யார் குடம் முதலில் என்று தொடங்கி, பேச்சு முற்றி, இரண்டு குடும்பம் பத்து வருடம் முகம் பார்க்காமல் போன கதை எங்கள் லயத்திலேயே, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, உண்டு. பார்க்கிங் என்ற சொல்தான் எங்களுக்குப் புதுசு.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தப் படத்துக்காக பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகருக்கான இந்திய தேசிய விருது 2025 ஆகஸ்ட் 1ஆம் திகதி அறிவிக்கப்பட்டபோது முகநூலில் வந்த பதிவுகள் இன்னும் என் மண்டையில் நிற்கின்றன. எல்லாரும் சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் பாதிப் பேர் எழுதியது ஒரே மாதிரி: இத்தனை வருடம் சீரியலிலும் டப்பிங்கிலும் வீணாகப் போன மனிதர், கடைசியில் சினிமா அவரைக் கண்டுகொண்டது. அந்த 'வீணாக' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. அது என் அம்மாவையும் எங்கள் லயத்துப் பெண்களையும் ஆள் கணக்கில் சேர்க்காத சொல்.

எங்கள் காம்பரா, அதாவது லயத்து வீடு, எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் கட்டில், மேசை, மேசையில் டிவி. பின்னால் குசினி, இடையில் ஒரு சுவர். கரண்ட் இல்லாத காலத்தில் கறுப்பு வெள்ளை டிவியைக் கார் பெற்றரியில் ஓட்டினோம். பெற்றரி இறங்கினால் டவுனுக்குச் சுமந்து போய் சார்ஜ் பண்ணிக்கொண்டு வரவேண்டும். முக்கியமான காட்சியில் படம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகப் போய்விடும். அப்புறம் கரண்ட் வந்தது, 1998இல் சக்தி டிவி வந்தது, கூரை கூரையாக டிஷ் வந்தது, டிஷ்ஷோடு சன் டிவி வந்தது. ஆண்களும் பிள்ளைகளும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். மலையிலிருந்து வந்த பெண்களுக்கு உட்காரவா நேரம்? கூடையை இறக்கி, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவி, தண்ணீர் எடுத்து, அடுப்பை மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் இடித்து முடிக்கும்போது நாடகமும் முடிந்திருக்கும். ஆனால் கதை முழுக்கத் தெரியும். யார் யாரை ஏமாற்றினாள், யார் விஷம் வைத்தாள், எல்லாம் தெரியும். அவர்கள் நாடகம் பார்த்தவர்கள் இல்லை, நாடகம் கேட்டவர்கள்.

சீரியலைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரை எழுதுகிறவர்கள் இதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. கண்ணீர், குளோசப், மூன்று தடவை திரும்பும் முகம் என்றுதான் கேலி பண்ணுவார்கள். அந்தக் குளோசப் சுவருக்கு அந்தப் பக்கம் போகாது. போவது குரல் மட்டும். முகத்தை மட்டும் நம்பிய நடிகர்கள் எங்கள் குசினிக்குள் வந்ததே இல்லை. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வின் பட்டாபி வந்தார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது ஒரு உயரம், நடுவில் தடுக்கி விழுகிற மாதிரி ஒரு இழுப்பு, கடைசியில் மூச்சுக்குள் போகும் ஒரு முனகல். அம்மா சம்பல் இடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். உலக்கைச் சத்தம் நின்றால் பட்டாபி வந்துவிட்டார் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அந்தக் குரல் சும்மா வந்ததில்லை. முத்துப்பேட்டை சோமு பாஸ்கர், 1957இல் பிறந்தவர். நாடக மேடை, டப்பிங், சீரியல், சினிமா என்று எல்லாத் தெருவிலும் நடந்தவர். இதில் டப்பிங் என்பது ஊர் பேர் தெரியாத வேலை. இருட்டறை, ஒரு மைக், திரையில் யாரோ ஒருவனின் வாய். அந்த வாய் திறக்கும்போது திறந்து மூடும்போது மூட வேண்டும். அவன் உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம மாதிரி ஓர் எழுத்து வந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவனுக்கு உறுத்தும். அவன் ஓடினால் இவர் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்க வேண்டும். முகமும் உடம்பும் வேறொருவனுடையவை. உனக்கு இருப்பது தொண்டை மட்டும். வருடக்கணக்காக அதைச் செய்த ஆளுக்குப் பிற்பாடு சொந்த முகமும் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? வீணாகப் போனார் என்கிறார்களே, அந்த இருட்டறையில் கற்றதைத்தானே பார்க்கிங்கில் கேட்டீர்கள்.

இதே விஷயத்தில் மாரிமுத்துவும் நினைவுக்கு வருகிறார். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று படங்கள் இயக்கியவர். அதற்கு முன்னால் உதவி இயக்குநராக எத்தனையோ வருடம். ஆனால் எங்கள் பக்கத்தில் அவருக்கு ஒரே பெயர்தான், 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரன். 2023 செப்டம்பர் 8ஆம் திகதி, அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் அவருக்கு முடியாமல் போய், அன்றைக்கே இறந்தும் போனார். அன்றைக்குத் தோட்டத்தில் ஆள் செத்த வீடு மாதிரி இருந்தது என்று தங்கச்சி சொன்னாள். அத்தனை நாள் அந்த மனுசனைத் திட்டித் தீர்த்தவர்கள்தான் அன்றைக்கு அழுதார்கள்.

எங்கள் ஆட்களுக்குக் காது பழகியது சன் டிவியால் இல்லை, அதையும் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் இலங்கை வானொலி இருந்தது. அப்பா காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், அப்துல் ஹமீத் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். வானொலியில் பேசியே இத்தனை பேரும் நாடு முழுக்கத் தெரிந்த ஆட்களானார்கள். அவர்கள் நடித்த வானொலி நாடகமே 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. முகம் பார்க்க ஆசைப்பட்டு ஜனம் தியேட்டருக்குப் போனது. குரலைப் பார்க்கப் போனார்கள் என்று அப்பா சொல்வார்.

சரி, பாஸ்கரின் சினிமாவுக்கு வருவோம். ஒவ்வொரு படமாக அடுக்கப் போவதில்லை. 'மொழி'யில் மகனை இழந்து, 1984ஆம் ஆண்டிலேயே நின்றுபோன பேராசிரியர். 'சூது கவ்வும்' படத்தில் நேர்மையே பிடிவாதமாகிப் போன அமைச்சர். 'உத்தம வில்லன்' படத்தில் ஒரு நட்சத்திரத்தின் நிழலாகவே வாழ்ந்த மேனேஜர் சொக்கு. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத மனிதர்கள். என்னைக் கேட்டால் விருதை 2017லேயே கொடுத்திருக்கலாம், '8 தோட்டாக்கள்' படத்துக்கு. அதில் கிருஷ்ணமூர்த்தி என்ற வயதான மனிதர். தொலைந்துபோன ஒரு போலீஸ் துப்பாக்கி அவர் கைக்கு வந்து சேர்கிறது. தன் வாழ்க்கையை அந்த இளம் போலீஸ்காரனிடம் அவர் சொல்லும் நீளமான காட்சி ஒன்று இருக்கிறது. அதில் அழுகை வர வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்துவார். இரண்டாம் தடவை நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எதுவும் குறையவில்லை.

எல்லாமே நன்றாகச் செய்தார் என்றும் சொல்ல மாட்டேன். பல படங்களில் வந்து நின்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். பட்டாபியை வெட்டி ஒட்டிய மாதிரி வேஷங்கள் எத்தனை! கேட்டதை அவர் கொடுத்தார், கேட்டவர்களுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. ஆனாலும் நான் அதைக் குறையாக எழுத யோசிப்பேன். ஏனென்றால் எனக்கு என் மாமா ஞாபகம் வருகிறது.

மாமாவுக்குத் தோட்டத்தில் கவ்வாத்து வேலை, தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. மாசி மாதம் கம்பம் ஊன்றினால், மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்காரர். ஒரு வருடம் எமன், அடுத்த வருடம் தூதன், ஒரு வருடம் குறவன், ஆள் கிடைக்காத ஒரு வருடம் ரதிக்குச் சேலையும் கட்டினார். "உங்களுக்குப் புடிச்ச வேஷம் எது மாமா?" என்று சின்ன வயதில் கேட்டேன். "புடிச்ச மலையிலயா கவ்வாத்து வெட்டுறோம்? பெரட்டுல எந்த மலைய சொல்றாங்களோ அங்க போறதுதான்" என்றார். காலையில் பிரட்டுக்களத்தில் கங்காணி சொல்வதுதான் அன்றைய வேலை. கொழுந்தா, புல்வெட்டா, முள்ளுக்குத்தா, போய்ச் செய்ய வேண்டும். செய்தால்தான் அன்றைக்குப் பேர் விழும். எங்கள் பக்கத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறித்த கிலோவுக்கு வராவிட்டால் அரைப்பேர் போட்டுவிடுவார்கள்.

பன்முகக் கலைஞர் என்று மேடையில் பொன்னாடை போர்த்துகிறோமே, அந்தப் பன்முகத்தில் பாதி அன்றன்றைக்குப் பேர் விழுவதற்காக வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நடிகன் ஆசைப்பட்டு மூன்று தொழில் பழகவில்லை. ஒன்றில் வயிறு நிறையாததால் அடுத்ததற்குப் போனான். போன இடத்திலெல்லாம் கையைக் கழுவிக்கொண்டு வராமல் ஏதோ கற்றுக்கொண்டு வந்தான் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். மாமா எமனாக நடக்கும் நடையில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் தோள் இருந்தது. தப்பு மேளத்தின் அடி கேட்டு அந்தத் தோள் திரும்பும்போது நாங்கள் நிஜமாகவே பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்திருக்கிறோம்.

ஒரு வயிற்றெரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். மாமாவின் பேரன் பாடசாலை நாடகப் போட்டியில் நடித்தான். நன்றாகவே நடித்தான். முடிவு வந்தபோது நடுவர் ஒருவர் அவனைக் கூப்பிட்டு, நடிப்பு நல்லது, பேச்சில்தான் தோட்டத்து வாசம் அடிக்கிறது, அதைத் திருத்து என்றாராம். கதையே லயத்தில் நடக்கிற கதை. கங்காணி வேஷம் போட்ட பையன் வேறு எந்த ஊர்த் தமிழ் பேச வேண்டும்? நம் நாட்டு டிவியில் நம் பேச்சு வந்தால் அது வீட்டு வேலைக்காரப் பிள்ளையின் வாயிலோ, சிரிப்பு மூட்ட வருகிற ஆளின் வாயிலோதான் பெரும்பாலும் வந்திருக்கிறது. 1975இலேயே வி.பி. கணேசன் மலையகத்தை வைத்து 'புதிய காற்று' படம் எடுத்துவிட்டார். எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்ததை 1823இலிருந்து எண்ணி, அந்த 200 வருடத்தை 2023இல் நடைபயணமாகப் போய் நினைவுகூர்ந்தோம். இன்றைக்கும் ஒரு பிள்ளை மேடையில் தன் பாட்டி பேசிய மாதிரிப் பேசினால் மார்க்ஸ் குறைகிறது. அந்தப் பயல் இப்போது ஃபோனைப் பார்த்துச் சென்னைத் தமிழ் பழகிக்கொண்டிருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் நன்றாகத்தான் வருகிறது அவனுக்கு.

மழை விட்டபோது படமும் முடிந்திருந்தது. அம்மா சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனைக் குனிந்து பார்த்தார். பாஸ்கரின் முகம் நின்றிருந்தது.

"வயசாயிருச்சே பட்டாபிக்கு."

"இந்தப் படத்துக்கு அவருக்கு விருது குடுத்திருக்காங்கம்மா. பெரிய விருது. டெல்லியில."

"அவருக்கு மட்டுமா?"

"இல்ல, அவருக்கும் மலையாளத்துல விஜயராகவன்னு இன்னொருத்தருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே விருதைப் பங்கு பண்ணி."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப இவ்ளோ கத்தியும் அரைப்பேருதான் போட்டிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போய்விட்டார்.